ஓட்டை போட்ட டாலர்

எங்கள் கம்பெனியில் டாலருக்கு இரண்டு அர்த்தம். மாடியில் இருக்கும் ஆபீசில் அது பணம். கீழே எங்கள் செக்‌ஷனில் அது கழுத்துச் செயினில் தொங்குவது. மாடியில் டாலர் ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். கீழே நாங்கள், உன் டாலர் புதுசா, எந்தக் கடை, எவ்வளவு கிராம் என்று பேசுவோம். ஒரே கட்டடத்தில் இரண்டு டாலரும் வருஷக்கணக்காக ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல்தான் இருந்தன. ஒரு நாள் இடித்துக்கொண்டன. நடுவில் மாட்டியது நான்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஷூ கம்பெனி. பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். எனக்குச் செக்கிங் டேபிள். முடிந்து வரும் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் நுனி வரைக்கும் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பசை கட்டி தட்டியிருக்கிறதா, உள்துணி சுருங்கியிருக்கிறதா, ஆணி முனை தலையை நீட்டுகிறதா, உடைந்த ஊசித் துண்டு எதுவும் கிடக்கிறதா என்று விரல்தான் சொல்லும். என் கை போகாமல் ஒரு ஷூவும் டப்பாவுக்குள் போகாது. இதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வேன்.

வீடு குடியாத்தம். வீட்டுக்காரர் பவர்லூமில் லுங்கி ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்று பேர்தான், வாரத்தில் பாதி நாள் தறி சும்மா கிடக்கிறது. மகள் அந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரியை ஏற்றிவிட்டார்கள், ஆர்டர் கம்மி என்று சொல்லி கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்தது யார் என்ற பேச்சு பஸ்ஸில் தினமும் நடக்கும். சின்னதாக ஒரு தப்பு கிடைத்தால் போதும், சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து எங்கள் ஷூவை வாங்கும் பையர் வந்தார். வருஷா வருஷம் வருகிற வயசான மனிதர். நல்ல உயரம். மேஜைக்கு மேலே கூடாரம் மாதிரி குனிந்துகொண்டு ஒவ்வொரு ஷூவாக எடுத்து வளைத்துப் பார்ப்பார். அன்று காலையும் என் டேபிளில் வெகு நேரம் குனிந்து நின்றார். மெர்ச்சண்டைசர் பெண், அதாவது இந்த வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதற்கென்றே ஆபீசில் வைத்திருக்கும் பெண், பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் குறை சொல்லாமல் மாடிக்குப் போனதும் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், ஒரு கறுப்பு ஷூவின் நுனியில் என் விரல் எதிலோ முட்டியது. வெளியே எடுத்தேன். வெள்ளி வட்டம். கறுத்துப் போயிருந்தது. நம் பழைய ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிது, கனமும் அதிகம். மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஓட்டை. ஒரு பக்கம் நீண்ட மூக்குள்ள ஓர் ஆணின் முகம், மறுபக்கம் கிரீடமும் இரண்டு தூண்களும். சுற்றிலும் எழுத்துகள். பாதி தேய்ந்துவிட்டன.

எனக்கு ஒரு நொடிகூட சந்தேகம் வரவில்லை. வட்டமாக வெள்ளியில் இருக்கிறது, முகம் போட்டிருக்கிறது, மேலே ஓட்டை இருக்கிறது. டாலர். யாரோ ஒரு கிறிஸ்தவப் பெண் கழுத்திலிருந்து விழுந்த சாமி டாலர்.

சூப்பர்வைசர் அக்காவிடம் போனேன். அவர் காதில் போன்.

"அக்கா, ஷூவுக்குள்ள ஒரு டாலர் கெடச்சுது."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருதுன்னு சாப்பாட்டு டைம்ல கேளு. இல்லன்னா ஆணில மாட்டிடு."

ஆணி என்றால் எங்களுக்குத் தெரியும். பெண்கள் கழிவறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. கீழே கிடக்கும் கொலுசு, மெட்டி, தோடு, தலை க்ளிப் எது கிடைத்தாலும் அதில் மாட்டிவிடுவோம். தொலைத்தவள் முகம் கழுவ வரும்போது எடுத்துக்கொண்டு போவாள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. நான் சேர்ந்த நாள் முதல் அந்த ஆணியிலிருந்து அடுத்தவள் பொருளை யாரும் எடுத்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை.

சாப்பாட்டு ஹாலில் நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டில் கூவுகிற மாதிரி கூவினேன். "யாருதுங்க இந்த டாலர்? காணாப் போனவங்க வந்து வாங்கிக்குங்க!"

கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களே தவிர யாரும் வரவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் என் தோழி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவள். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அய்யே, எங்க சாமிங்க யாருக்கும் இவ்ளோ நீட்டு மூக்கு கெடையாதுடி. தலைல ஒளிவட்டமும் காணோம். இது இன்னா சாமியோ."

சிரித்துக்கொண்டே போய் ஆணியில் மாட்டினேன். அதோடு மறந்தும் போனேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம், மைக்கில் ஹெச்.ஆர். குரல் வந்தது. "ஃபாரின் பையரோட டாலர் ஃபேக்டரிக்குள்ள காணாமப் போயிருக்கு. எடுத்தவங்க உடனே ஆபீஸ்ல ஒப்படைக்கணும். செக் பண்ணித்தான் எல்லாரையும் வெளிய அனுப்புவோம்."

பார்த்தவர்கள் என்று சொல்லவில்லை, எடுத்தவர்கள் என்றுதான் சொன்னார். அது அப்போதே என் காதில் உறுத்தியது. ஆனால் டாலர் என்ற வார்த்தை உறுத்தவில்லை. வெளிநாட்டுக்காரருடைய டாலர் என்றால் அது நோட்டுதானே. ஓட்டை போட்ட கறுத்த வெள்ளி என் நினைப்பிலேயே வரவில்லை.

ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் உள்ள திறந்த வெளியில் வரிசையில் நிறுத்தினார்கள். செக்யூரிட்டி பெண் ஒவ்வொருத்தியாகத் தடவி, டிபன் டப்பாவைத் திறந்து, பர்ஸைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் நடக்கிற சோதனைதான். அன்று அது முடியவே இல்லை. வெயில் முகத்தில் அடித்தது. கேட்டுக்கு வெளியே பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. வரிசையின் முன்னால் நூறு டாலராக இருந்தது பின்னால் வருவதற்குள் ஐநூறாகி, அதற்கும் பின்னால் ஒரு கட்டு நோட்டாகிவிட்டது. பால் குடிக்கிற பிள்ளையை வீட்டில் விட்டு வந்த ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எவ எடுத்தாளோ, அவளால நம்ம எல்லாருக்கும் பேஜாரு" என்று சத்தமாகவே திட்டினேன்.

செக்யூரிட்டி ஆள் ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். "மதியம் டாலர் கெடச்சுதுன்னு கூவுனது நீதானே? சார் கூப்புடுறாரு."

இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து திட்டியவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஹெச்.ஆர். சார் சின்ன வயசுக்காரர். மெட்ராஸிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரூமில் மெர்ச்சண்டைசர் பெண் சுவரோரமாக நின்றாள். சூப்பர்வைசர் அக்காவையும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எவ்ளோ எடுத்தீங்க?" என்றார் சார்.

"எத சார்?"

"டாலரும்மா."

"எடுக்கல சார். கெடச்சுது."

"சரி, கெடச்சுது. எவ்ளோ?"

"ஒண்ணு."

"ஒண்ணா?" அவர் சிரித்தார். "ஒரு டாலருக்கா அந்தாளு மேல தவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு? சரி, இப்ப எங்க இருக்கு?"

"லேடீஸ் டாய்லெட்ல. ஆணில."

சிரிப்பு நின்றது. "டாலர ஆணில குத்தி வெச்சீங்களா?"

"குத்தல சார். அதுலயே ஓட்டை இருக்கு. மாட்டி வெச்சேன்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கும் உறைத்தது. "அய்யோ சார், நோட்டு இல்ல. கழுத்துல மாட்டுவாங்களே, அந்த டாலர்" என்றேன்.

"ஓ, கழுத்து டாலர்! நல்லாதான் யோசிச்சு வெச்சிருக்கீங்க." அக்காவிடம் திரும்பினார். "உங்ககிட்ட இன்னான்னு சொன்னாங்க?"

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "டாலர் கெடச்சுதுன்னு சொன்னா சார். நான் போன்ல இருந்தேன். எந்த டாலருன்னு நான் பாக்கல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் வயிறு எரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் டீ குடித்திருப்போம். எனக்காக இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "குடும்பக் காரணம்னு எழுதி ராஜினாமா குடுத்துட்டுப் போய்டுங்க. போலீசு, கேசு எதுவும் வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வேலை போவது ஒரு பக்கம். திருட்டுப் பேரோடு போனால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தக் கம்பெனிக் கதவும் எனக்குத் திறக்காது. இந்தத் தொழிலில் ஆட்களைப் பற்றிய செய்தி போனிலேயே போய்விடும். மகள் படிப்பு என்ன ஆகும் என்று நினைத்தேன். அதைவிட, அம்மா ஏன் வேலையை விட்டாய் என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அந்த ரூமில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பயம் முற்றினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். மதியம் கூவியது, தோழி மூக்கைக் கிண்டல் செய்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த மூக்கு. அந்தக் கிரீடம். அந்தத் தூண்கள். நம் ஊர்க் கடையில் அப்படி ஒரு டாலரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் சாமியும் இல்லை, தோழியின் சாமியும் இல்லை. அன்று காலை என் டேபிளில் அந்த ஷூக்களின் மேல் குனிந்து நின்ற வெளியாள் ஒரே ஒருத்தர்தான்.

"சார், அவரு டாலர்ல ஓட்டை இருக்கான்னு கேளுங்க."

"இன்னாம்மா ஒளர்றீங்க?"

"கேளுங்க சார். காணாப் போனது எப்படி இருக்கும்னு யாராவது அவர கேட்டீங்களா?"

அவர் மெர்ச்சண்டைசர் பெண்ணைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெரியவர் என்னவோ ஒரு முழு வாக்கியம் சொல்லியிருக்கிறார். அதில் டாலர் என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இவர் மைக்கைப் பிடித்திருக்கிறார்.

மெர்ச்சண்டைசர் பெண்தான் சுவரை விட்டு நகர்ந்தாள். சாரிடம் கேட்காமலே போனை எடுத்து மாடிக்குப் பேசினாள். பேசப் பேச அவள் கண் விரிந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கிழவர் குரல் ரூம் முழுக்கக் கேட்டது.

"யெஸ்! யெஸ்! எ ஹோல்!"

என்னையும் ஒரு செக்யூரிட்டி பெண்ணையும் கழிவறைக்கு அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாராவது எடுத்திருந்தால்? இவ்வளவு வருஷம் யாரும் எடுக்காத ஆணியில் இன்றைக்குப் பார்த்து எடுத்திருந்தால்? கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். ஆணியில் ஒரு தலை க்ளிப், ஒரு ரப்பர் பேண்ட், ஒற்றைக் கொலுசு. டாலரைக் காணோம். செக்யூரிட்டி பெண் என் முகத்தையே பார்த்தாள். கொலுசை விலக்கினேன். அதற்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

கிழவர் ஹெச்.ஆர். ரூமுக்கே இறங்கி வந்திருந்தார். கையில் வாங்கியதும் கண் கலங்கிவிட்டது. கழுத்தில் சட்டைக்குள்ளே போட்டிருந்தாராம், கயிறு அறுந்திருக்கிறது. தோல் கயிறு. தோல் பொருளைச் சோதிக்க வந்தவருடைய தோல் கயிறு அறுந்ததற்கு நான் வேலையை இழக்க இருந்தேன்.

அவர் பேசப் பேச அந்தப் பெண் தமிழில் சொன்னாள். அது அமெரிக்கக் காசே இல்லை. ஸ்பெயின் ராஜாவுடைய காசு, மெக்சிகோவில் அடித்தது. அமெரிக்கா என்று ஒரு நாடு புதிதாக வந்த காலத்தில் அவர்களிடம் சொந்தக் காசு போதவில்லை. மாவு வாங்க, செருப்புத் தைக்க, கூலி கொடுக்க எல்லாவற்றுக்கும் இந்த அடுத்த நாட்டுக் காசுதான் ஓடியிருக்கிறது. சில்லறை இல்லை என்றால் உளியை வைத்து இதையே எட்டாக வெட்டித் துண்டு துண்டாகக் கொடுப்பார்களாம். சொந்தமாக அடிக்க ஆரம்பித்த பிறகும் வெகு காலம் இதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாலர் என்று முதலில் அவர்கள் அழைத்ததே இதைத்தான், பிறகுதான் தங்கள் காசுக்கு அந்தப் பேரை வைத்துக்கொண்டார்கள். இவர் வம்சத்தில் கடை வைத்திருந்த ஒருவர், கைக்கு வந்ததில் ஒன்றை வெட்டாமல் ஓட்டை போட்டு மகள் கழுத்தில் மாட்டியிருக்கிறார். அப்படியே இறங்கி இறங்கி இவர் கழுத்துக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் நான் சொன்னதும் சரிதான், சார் சொன்னதும் சரிதான். பணமும் அதுதான், கழுத்து டாலரும் அதுதான். ஆனால் எழுதிக் கொடு என்று தாள் வந்தது என் பக்கம் மட்டும்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில், வைத்தியத்துக்கு வரும் வங்கதேசத்துக்காரர்கள் தங்கள் ஊர் நோட்டை நீட்டினாலே சில கடைக்காரர்கள் அவர்களை மேலும் கீழும் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால் கேட்டேன். "அடுத்த நாட்டுக் காச நீட்டுனா, இது உனக்கு எப்படி வந்துச்சு, எங்க எடுத்தேன்னு கேக்க மாட்டாங்களாமா?"

அந்தப் பெண் கேட்டுச் சொன்னாள். "இல்லக்கா. கடிச்சுப் பாப்பாங்களாம், தராசுல எடை போடுவாங்களாம், தட்டிச் சத்தம் கேப்பாங்களாம். காசத்தான் செக் பண்ணுவாங்களாம்."

ஆளை இல்லை. அவள் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

கிழவர் பர்ஸைத் திறந்தார். நோட்டை எடுத்து என் கையில் வைத்தார். நூறு டாலர். இத்தனை நேரம் என் உடம்பில் எங்கே இருக்கிறது என்று இவர்கள் தேடப் பார்த்த அதே நோட்டு. வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் தொட்டேன். வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு என் வீடு ஒன்றும் செழிப்பாக இல்லை. மகளுக்கு எதற்கெல்லாம் ஆகும் என்று மனசு ஒரு கணக்குப் போடத்தான் செய்தது.

திருப்பிக் கொடுத்தேன்.

"வாங்கிக்கம்மா, ஆசையா குடுக்கிறாரு" என்றார் சார். அவர் குரல் இப்போது தேனாக இருந்தது.

"இத வெச்சுக்கிட்டு நான் கேட் தாண்ட முடியாது சார்."

அந்தப் பெண் இதைக் கிழவரிடம் மொழிபெயர்க்கவில்லை. ஏதோ தேங்க்ஸ் என்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் பெண்களைக் காட்டி ஏதோ கேட்டார். ஷிப்ட் முடிந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

"சார், வெளிய வந்து நான் எடுக்கலன்னு சொல்லுங்க" என்றேன். நாளைக்கு மைக்கில் சொல்கிறேன் என்றார். "இப்பவே சொல்லுங்க. அவங்க இப்பதான நிக்கிறாங்க."

வந்தார். வரிசைக்கு முன்னால் நின்று, "டாலர் கெடச்சிடுச்சு. எல்லாரும் கெளம்பலாம்" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார்.

டாலர் கிடைத்துவிட்டது. பக்கத்தில் நான் நிற்கிறேன். வரிசையில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் வந்து விழுந்தது. பால் குடிக்கிற பிள்ளையின் தாய் தரையைப் பார்த்துக் காறித் துப்பினாள். தோழிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட இதைவிட மோசமாக இருந்திருக்காது.

பின்னால் வந்த கிழவரிடம் திரும்பி, கையை நீட்டினேன். எனக்கு இங்கிலீஷ் வராது. "டாலர்" என்றேன். மெர்ச்சண்டைசர் பெண் திகைத்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, மூடியிருந்த கையைத் திறந்து அந்த வெள்ளியை என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பைப் பிடித்து வரிசைக்கு நேராக உயர்த்திக் காட்டினேன். மதியம் கூவியதைவிடச் சத்தமாகக் கூவினேன்.

"இந்த டாலருடி! மதியம் உங்க எல்லாருக்கும் தூக்கிக் காட்டுனேனே, இந்த டாலரு! நம்ம ஆணிலதான் தொங்குச்சு!"

தோழி வாயில் கையை வைத்தாள்.

"அடிப்பாவி, நீட்டு மூக்கு சாமி!"

சிரிப்பு வரிசை நெடுகப் பரவியது. சில பேர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். துப்பியவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். சார் போய்விட்டிருந்தார்.

வரிசை நகர்ந்தது. கடைசியாக நான் கேட்டுக்கு வந்தேன். என்னோடு கழிவறைக்கு வந்த அதே செக்யூரிட்டி பெண்தான் அங்கே நின்றாள். ஆணியிலிருந்து நான் அதை எடுத்ததைத் தன் கண்ணால் பார்த்தவள். அப்படியே விட்டுவிடுவாள் என்று நினைத்து நடந்தேன்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "கையத் தூக்குக்கா. இன்னா பண்றது, ரூல்."

இரண்டு கையையும் தூக்கினேன். இடுப்பு, முதுகு, ஜாக்கெட் ஓரம் என்று தடவினாள். டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னாள். திறந்து காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. அந்த ரூமில் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.